நடக்கிறானா, பேசுகிறானா, சாப்பிடுகிறானா: டர்பனிலிருந்து ஒரு அம்மாவின் பதில்கள்

நான் அறந்தாங்கிக்காரி. கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் இருக்கும் டர்பனுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. மகனுக்கு இப்போது இரண்டே முக்கால் வயது. ஊரிலிருந்து போன் செய்கிற பெரியம்மா, சித்தி, மாமி, கூடப் படித்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வேலை மாற்றலில் புதிதாக இங்கே வந்து இறங்கும் தமிழ்நாட்டு அம்மாக்களும் அதையேதான் கேட்கிறார்கள். உங்களுக்கும் எங்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். நீங்கள் சாப்பிட்டு முடித்து நிம்மதியாகப் போனை எடுக்கும் எட்டரை மணி, எனக்கு சாயங்காலம் ஐந்து. அவனைக் குளிப்பாட்டும் நேரம். ஈரக்கையோடு பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. மீதிப் பாதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

பிள்ளை எப்போது நடந்தான்?

பதின்மூன்று மாதம் முடிந்து ஒரு வாரத்தில். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன், சோபாவைப் பிடித்து நின்றவன் கையை விட்டுவிட்டு மூன்று அடி வைத்து என் காலில் வந்து விழுந்தான். நான் போட்ட கூச்சலில் பயந்து அழவே ஆரம்பித்துவிட்டான். அத்தை, அதாவது என் மாமியார், சமையலறையிலிருந்து ஓடிவந்து, கையைத் தட்டி, "பார்த்தியா, அம்மா வர வரைக்கும் காத்திருந்திருக்கான்" என்றார்.

மூன்று மாதம் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: அன்றைக்குக் காலையிலேயே அவன் பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து ப்ரிட்ஜ் வரைக்கும் நடந்துவிட்டானாம். அத்தைதான் அவரிடம் "அவளிடம் சொல்லிவிடாதே" என்று கேட்டுக்கொண்டாராம். நான் இன்றுவரை அத்தையிடம் அதைப்பற்றிப் பேசவில்லை. என் நோட்டில் "முதல் நடை: சாயங்காலம், சோபாவிலிருந்து" என்றுதான் இருக்கிறது. அதை அடிக்கப் போவதில்லை.

சரி, வயசு விஷயத்துக்கு வருவோம். "என் பேரன் பத்து மாதத்திலேயே ஓடினான்" என்று சொல்லும் மாமிக்கும், "பதினாலு மாதம் ஆகியும் நடக்கவில்லையே" என்று அழும் தோழிக்கும் ஒரே பதில்தான். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2006-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஆரோக்கியமான குழந்தை தனியாக நடக்கத் தொடங்குவது எட்டு மாதத்திலும் இருக்கலாம், பதினேழரை மாதத்திலும் இருக்கலாம். நூற்றில் நான்கு குழந்தைகள் முட்டிபோட்டுத் தவழாமலேயே நடந்துவிடுகின்றன. என் மகன் தவழ்ந்ததும் பார்க்கச் சகிக்காது. உட்கார்ந்தபடியே ஒரு காலைத் துடுப்பு மாதிரி போட்டு நகர்வான்.

உட்கார வைத்து உருட்டிவிடும் வாக்கர் ஒன்று பரிசாக வந்தது. அதை வாங்கிப் பரண்மேல் போட்டுவிட்டோம். கனடாவில் 2004-இலிருந்து அதை விற்கவே தடை. படியில் உருண்டு விழுவதற்குத்தான் அது உதவும், நடை சீக்கிரம் வராது. நம்மூர் மூன்று சக்கர மர நடைவண்டி வேறு சங்கதி. அதில் பிள்ளை தன் காலில் நின்று தள்ளுகிறது.

எத்தனை வார்த்தை பேசுகிறான்? எந்த மொழியில்?

இதுதான் நீளமான பதில்.

என் வீட்டுக்காரர் குடும்பம் இங்கே ஐந்தாவது தலைமுறை. 1860 நவம்பர் 16-இல் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பனில் வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளோடு வந்த முதல் கப்பல் அது. அதற்குப் பின்னால் வந்த கப்பல்களில் ஒன்றில்தான் இவர்களும் வந்திருக்கிறார்கள். வீட்டில் பேச்சு ஆங்கிலம். தமிழ் அடுப்படியிலும் சாமி அறையிலும் உறவுமுறையிலும் மட்டும் மிச்சம் இருக்கிறது. அத்தைக்குக் காய்கறிப் பெயர்கள் தெரியும், பதிகம் மனப்பாடம், ஆனால் "நாளைக்கு மழை வரும்" என்று ஒரு வாக்கியம் சொல்லத் தயங்குவார். தென்னாப்பிரிக்காவுக்கு ஆட்சிமொழிகள் 12. தமிழ் அதில் கிடையாது. ஆனால் 1996 அரசியல் சட்டத்தில், மதித்துப் பேண வேண்டிய சமூக மொழிகள் என்ற வரிசையில் தமிழின் பெயர் இருக்கிறது. அதை எனக்கு எடுத்துக் காட்டியவர் மாமனார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

பகலில் அத்தைக்கு உதவியாக ஜூலு இனத்து அம்மா ஒருவர் வருவார். அவரை இவன் 'கோகோ' என்பான். ஜூலுவில் பாட்டி என்று பொருள். கைக்குழந்தையாக இருந்தபோது போர்வையால் முதுகில் கட்டிக்கொண்டே வேலை பார்ப்பார். நான் மணிக்கணக்கில் தாலாட்டித் தூங்காதவன், அந்த முதுகில் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுவான். பொறாமையாக இருக்கும்.

ஆக, ஒன்றரை வயதில் தண்ணீருக்கு இவனிடம் மூன்று வார்த்தை இருந்தது. என்னிடம் "தண்ணி", கோகோவிடம் "அமான்சி", அப்பாவிடம் "வாட்டா". யாரிடம் எது செல்லும் என்று ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்று மொழி குழப்பிப் பேச்சைத் தாமதப்படுத்தும் என்று சொல்பவர்களுக்கு: தாமதப்படுத்தாது. எண்ணும்போது எல்லா மொழி வார்த்தைகளையும் சேர்த்து எண்ண வேண்டும், அவ்வளவுதான். பதினெட்டு மாதத்தில் அம்மா அப்பா தவிர மூன்று வார்த்தையாவது, இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்வது. பெரும்பாலான பிள்ளைகள் இந்தக் கணக்குக்குள் வந்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமாக்கள் சேர்ந்தால் 'துனி' என்ற சீட்டாட்டம் நடக்கும். நம் 'தண்ணி' என்ற சொல்தான் அப்படி ஆனது என்பார்கள். ஆட்டம் சூடாகி ஒருவர் மேஜையைத் தட்டி "துனி!" என்று கத்த, இவன் தன் மூடிபோட்ட குவளையைத் தூக்கிக்கொண்டு ஓடி அவர் சீட்டுகளின் மேல் வைத்தான். தண்ணி கேட்டார், கொடுத்தான். அன்றைக்கு ஆட்டம் அதோடு நின்றது.

முதல் வாக்கியம் வந்தது குரங்கால். இந்தப் பக்கத்தில் முகம் மட்டும் கறுத்த சாம்பல்நிறக் குரங்குகள் கூட்டமாக வரும், ஜன்னல் திறந்திருந்தால் ரொட்டி போய்விடும். வாசல்படியில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தவன் கையிலிருந்து ஒன்று லாவகமாகப் பிடுங்கிக்கொண்டு சுவரேறிவிட்டது. கீறல்கூட இல்லை. அவன் அழவில்லை. வெறுங்கையை என்னிடம் காட்டி, "கொங்கு பழம் போச்சு" என்றான். இருபத்திரண்டு மாதம். எழுவாய், பொருள், நடந்த காரியம், எல்லாம் இருக்கிறது.

என்ன எடை இருக்கிறான்? ஏன் இப்படி ஒல்லியாக இருக்கிறான்?

பிறந்தபோது 2.9 கிலோ, ஒரு வயதில் 8.8, இரண்டு வயதில் 11.2. பிறந்த எடை ஒரு வயதுக்குள் மூன்று மடங்கு ஆவது வழக்கம். அதற்கப்புறம் ஏற்றம் மெதுவாகும், பசியும் குறையும். "முன்பெல்லாம் நன்றாகச் சாப்பிட்டானே" என்று எல்லா வீட்டிலும் கேட்பது இந்தக் கட்டத்தில்தான்.

இங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 'ரோட் டு ஹெல்த்' என்று ஒரு கையேடு தருகிறார்கள். எடை, உயரம், ஊசி, வைட்டமின் ஏ சொட்டு, பூச்சி மருந்து எல்லாம் அதில் ஏறும். கிளினிக்கில் புஜத்தைச் சுற்றி ஒரு நாடாவை வைத்து அளப்பார்கள். ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு அரசு கிளினிக்கில் பணம் கிடையாது, 1994-இலிருந்து இப்படித்தான். அந்த வரைபடத்தை எப்படிப் படிப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு நர்ஸ். கோடு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைவிட, தன் பாதையிலேயே போகிறதா என்பதைப் பார்க்க வேண்டுமாம். பதினாறாம் மாதம் வயிற்றுப்போக்கு வந்து கோடு தாழ்ந்தபோது மட்டும் இரண்டு வாரத்துக்கொருமுறை வரச்சொன்னார். இரண்டு மாதத்தில் பழைய பாதைக்கு வந்துவிட்டது.

ஆனால் நான் நம்பும் வரைபடம் சமையலறைக் கதவு நிலையில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாமனார் பென்சிலால் போட்ட கோடுகள் அங்கே அப்படியே இருக்கின்றன. வீட்டுக்கு மூன்று முறை பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அந்த ஒரு சாண் அகலத்தை மட்டும் அடிக்க விடவில்லை. இரண்டாவது பிறந்தநாளுக்கு இவனை நிறுத்திக் கோடு போட்டோம். 86 சென்டிமீட்டர். அப்பா கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே. அந்த விரல்கடையைப் பற்றி மாமனார் ஒரு வாரம் போனில் பேசினார்.

அங்கே என்ன சாப்பிடுகிறான்? நம்ம சாப்பாடு கிடைக்கிறதா?

அரிசி, பருப்பு, கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கிறது. மடும்பி என்று ஒரு கிழங்கு வரும், பார்த்தால் சேப்பங்கிழங்கேதான். வேகவைத்துத் தோலை உரித்து மசித்துக் கொடுத்தால் கையை நக்குவான். வெள்ளைச் சோளமாவைக் கிண்டி உதிரி உதிரியாக வேகவைப்பதை இங்கே பூத்து என்கிறார்கள். வந்த புதிதில் நம்ம புட்டு என்றே நினைத்து வெல்லம் தேடினேன். அதைப் புளித்த பாலான அமாசியில் பிசைந்து கோகோ ஊட்டுவார். நம்ம தயிர்சாதம்தான், தானியம் மட்டும் வேறு.

இந்த அமாசியால் ஒரு வம்பு. என் அம்மாவை அவன் 'அம்மாச்சி' என்று கூப்பிட வேண்டும் என்று போனைக் காட்டிக் காட்டிப் பழக்கினேன். ஒருநாள் வீடியோவில் அம்மா இருக்கும்போதே "அம்மாச்சி வேணும், அம்மாச்சி வேணும்" என்று அழுதான். அங்கே அம்மா கண்ணைத் துடைக்கிறார். இவன் விரலை ப்ரிட்ஜுக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கிறான். நான் போனைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தேன்.

டிசம்பரில் இங்கே கோடைகாலம், லிச்சிப் பழம் குவியும். சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் கொட்டையை எடுத்துவிட்டு நறுக்கித்தான் தர வேண்டும். வழுவழுவென்று தொண்டையில் அடைக்கும் அளவு அது. திராட்சையை நீளவாக்கில் வெட்ட வேண்டும். முழு நிலக்கடலை இப்போதைக்குக் கிடையாது, சித்தி, பார்சலில் அனுப்ப வேண்டாம்.

ஒன்பதாம் மாதம் அம்மை ஊசி போட்டீர்களா?

இங்கே தட்டம்மை ஊசி ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும். நாட்டுக்கு நாடு அட்டவணை மாறும். பிறந்தவுடன் காசநோய்க்கும் போலியோவுக்கும், அப்புறம் 6, 10, 14-ஆம் வாரம், இடையில் ஒன்பதாம் மாதம் ஒன்று, பதினெட்டாம் மாதம் ஒன்று. எல்லாம் போட்டாயிற்று. இனி ஆறு வயதில்தான்.

பல்? முடி?

பதினாறு பல். கடைசிக் கடைவாய்ப்பற்கள் நான்கும் வந்தால் இருபது, மூன்று வயதுக்குள் வந்துவிடும். மொட்டை ஊருக்கு வந்து குலதெய்வம் கோயிலில்.

ராத்திரி தூங்குகிறானா? செல்போன் பார்க்கிறானா?

ஒன்றிலிருந்து இரண்டு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறார்கள். இவன் எப்போதும் பதினொன்றைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுவான். தூளி கட்டலாம் என்றால் உத்தரம் இல்லாத பலகைக் கூரை.

2023-இல் ஏறக்குறைய தினமும் முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவார்கள். இருட்டில் இவனைத் தூங்க வைப்பது சுலபம். பிரச்சினை, இரண்டு மணி நேரம் கழித்து வீட்டிலுள்ள எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரியும்போது. தெருவே "வந்துடுச்சு" என்று பெருமூச்சு விடும். இவன் எழுந்து உட்கார்ந்து கைதட்டுவான்.

உங்களோடு வீடியோவில் பேசுவது தவிர இரண்டு வயது வரைக்கும் திரை காட்டவில்லை என்று சொல்ல ஆசைதான். எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் காட்டினேன்.

அடம் பிடிக்கிறானா?

பிடிக்காமல்? இரண்டு வயதில் அவனுக்கு மிகவும் பிடித்த சொல் "வேணாம்". வேண்டியதற்கும் வேணாம்தான். அப்போது அவனுக்கு ஒரு மஞ்சள் ரப்பர் பூட்ஸ் இருந்தது. வெயிலோ மழையோ, படுக்கையிலோ அதுதான் காலில். தானே மாட்டிக்கொள்வான், இடதும் வலதும் மாறி. மாற்றப் போனால் தரையில் படுத்துவிடுவான். நான் ஒரு மாதம் சண்டை போட்டு, அப்புறம் விட்டுவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் வாசலில் என் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், அவனே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி என் செருப்பை ஒட்டி நேராக அடுக்கிக்கொண்டிருக்கிறான். வைத்ததில் இடது வலது சரியாக இருந்தது.

எதையெல்லாம் எழுதி வைக்கிறாய்?

கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்தவள் என்பதால் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கிளினிக் கையேட்டில் பிள்ளை எப்போது உட்கார்ந்தது, நின்றது, நடந்தது என்று கட்டம் கட்டமாக இருக்கும். டிக் அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் நம் பிள்ளைத்தமிழ் நினைவுக்கு வந்தது. அதுவும் பத்துப் பருவமாகப் பிரித்த வளர்ச்சிக் கணக்குதானே. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி. அப்புறம் ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். ஆனால் புலவர்கள் "குழந்தை நடந்தது" என்று எழுதவில்லை. "வா" என்று கூப்பிடுகிறார்கள், அதுதான் வாரானை. கைகொட்டு என்கிறார்கள், முத்தம் தா என்கிறார்கள், நிலாவை விளையாட வரச் சொல்கிறார்கள், எங்கள் மணல்வீட்டைச் சிதைக்காதே என்று சிறுமிகளாகக் கெஞ்சுகிறார்கள். எல்லாவற்றிலும் எதிரே ஓர் ஆள் இருக்கிறார். அதைப் பார்த்தபிறகு என் நோட்டில் தேதியோடு, எதிரே யார் இருந்தார்கள் என்பதையும் எழுதுகிறேன்.

அம்புலி: பத்தொன்பது மாதம், மாமனார் தோளில். இங்கே நிலாவின் முயல் நம்மூரில் பார்த்ததைவிடச் சாய்ந்து கிடக்கும், பூமியின் தென்பாதி அல்லவா. இவனுக்கு அதுதான் நேர்.

சிறுபறை: பிரஷர் குக்கர் மூடியும் கரண்டியும். எதிரே, தலைவலியோடு நான்.

சிற்றில்: டர்பன் கடற்கரை நடைபாதை ஓரமாக மணலில் சிங்கம், முதலை எல்லாம் செய்து வைத்துச் சில்லறைக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள் உண்டு. இரண்டு வயது இரண்டு மாதத்தில் என் மகன் என் கையை உதறிவிட்டு ஓடி, ஒரு முதலையின் வாலை அடிவரைக்கும் மிதித்து முடித்தான். அரை நாள் உழைப்பாக இருக்கும். நான் பதறி ஐம்பது ராண்ட் எடுத்து நீட்டினேன். அந்தப் பையன் சிரித்துவிட்டு, "வோஸா" என்று இவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஈர மணலைக் கையில் கொடுத்து வாலைத் திரும்பக் கட்டவைத்தான். 'வோஸா' என்றால் ஜூலுவில் 'வா'. வாரானையும் சிற்றிலும் ஒரே இடத்தில். புது வால் முதலைக்குப் பொருந்தவில்லை, மீன்வால் மாதிரி இருந்தது.

சிறுதேர் இன்னும் வரவில்லை. தைப்பூசக் காவடிக்கு வடம் பிடிக்கத் தூக்கிப்போக வேண்டும்.

எப்போது உண்மையாகவே டாக்டரிடம் காட்ட வேண்டும்?

மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டு அல்ல. பதினெட்டு மாதம் ஆகியும் நடக்கவில்லை, ஒரு வார்த்தையும் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுவதில்லை என்றால் காட்டுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், முன்பு செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டால் எந்த வயதாக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். "அவங்க அப்பாவும் நாலு வயசில்தான் பேசினான்" என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். காதுப் பரிசோதனை செய்துகொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.

அத்தையை ஏன் 'ஆயா' என்று கூப்பிட வைக்கிறாய்? மரியாதையாக இல்லையே.

நம் பக்கம் ஆயா என்றால் பால்வாடியில் வேலை செய்பவர். இங்கே அது அப்பாவைப் பெற்ற பாட்டி. எனக்கும் முதலில் சங்கடமாகத்தான் இருந்தது. இப்போது அவன் "ஆயா" என்று கூப்பிடும்போது அவர் திரும்பும் வேகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் சரியாகிவிடும்.

ஊருக்கு எப்போது வருகிறீர்கள்?

இரண்டு வயது வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு குறைந்த கட்டணத்தில் பறந்திருக்கலாம். அதை விட்டுவிட்டோம். இப்போது அவனுக்குத் தனி இருக்கை, துபாயில் இறங்கி மாற வேண்டும். டிக்கெட் போட்டதும் தேதி சொல்கிறேன். அம்மா, முறுக்குக்குக் காரம் குறைவாகப் போடு. வாசலில் உன்னைப் பார்த்ததும் "அம்மாச்சி" என்று அவன் கத்தினால் உன்னைத்தான். ப்ரிட்ஜ் பக்கம் ஓடினால் மட்டும் கொஞ்சம் தயிர் எடுத்துக்கொடு.